பின் விளக்கும் நம் உரிமையே

சைக்கிளுக்கு விளக்கு வாங்குவதற்கும் தொழிற்சங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக் கூடும். சம்பந்தம் உண்டு, தோழர்களே. இருட்டில் வேலைக்குப் போகிறவனும் தொழிலாளி; இருட்டில் வீடு திரும்புகிறவனும் தொழிலாளி. இருட்டு நம் வேலையின் ஒரு பகுதி. ஆகவே வெளிச்சமும் நம் கோரிக்கையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

தோட்டத்தில் இது நமக்குப் புதிதல்ல. வெயில் ஏறுமுன்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். அதனால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே நிரைக்குப் போகிறோம். அந்த விளக்கை யாரும் ஆடம்பரம் என்று சொல்வதில்லை. உளியும் வாளியும் போல அதுவும் ஒரு கருவி.

இனி சிங்கப்பூரின் மேற்கே உள்ள பூன் லேயைப் பாருங்கள். சியூ பூன் லே என்ற சீன வணிகரின் பெயரைத் தாங்கிய இடம் அது. அவருடைய நிலத்திலும் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்றன. 1960களில் ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்தது. இன்று அவ்வட்டாரத்தில் ஆலைகளும் அடுக்குமாடி வீடுகளும் நிற்கின்றன. மரம் போனது, இருட்டில் வேலைக்குப் போகும் தமிழன் மட்டும் போகவில்லை. நம் தோட்டத்துப் பிள்ளைகளும், தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே ஷிப்டு வேலை செய்கிறார்கள். நள்ளிரவுக்குப் பின் எம்.ஆர்.டி. ரயில் இல்லை. பலருக்குச் சைக்கிள்தான் துணை.

இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை சைக்கிளின் முன்னே வெள்ளை ஒளியும் பின்னே சிவப்பு ஒளியும் தெரிய வேண்டும் என்கிறது சிங்கப்பூர்ச் சட்டம். நம்மவரோ முன் விளக்குக்குப் பணம் செலவழித்துவிட்டுப் பின் விளக்கை மறந்துவிடுகிறார்கள். இது பெரும் பிழை. தெரு விளக்கு எரியும் சாலையில், நாம் வழியைப் பார்ப்பதைவிடப் பிறர் நம்மைப் பார்ப்பதே முக்கியம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். ஓட்டுநர் நம்மைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை வினாடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் போய்விடும்.

நாமும் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு மழை இரவு, சங்கக் கூட்டம் முடிந்து திரும்பும்போது பின்னே விளக்கு எரிகிறது என்றே நினைத்திருந்தோம். கேரியரில் கட்டியிருந்த மழைச்சட்டை சரிந்து விளக்கை மூடியிருந்தது. ஒரு லாரி நம் முழங்கையை உரசிக்கொண்டு போன பிறகுதான் இறங்கிப் பார்த்தோம்.

ஆகவே விளக்கு வாங்குவோருக்கு நம் யோசனை இது. ரிப்ளெக்டர் வில்லை பிறர் வெளிச்சம் பட்டால்தான் மின்னும். அதை மட்டும் நம்பாதீர்கள். பழைய டைனமோ வண்டி நின்றதும் அணைந்துவிடும்; சந்திப்பில் நிற்கும்போதுதான் ஆபத்து. சார்ஜ் ஏற்றும் எல்.இ.டி. விளக்கே நமக்கு ஏற்றது. மழை புகாததாகவும், சார்ஜ் குறைவதை முன்கூட்டியே காட்டுவதாகவும் பார்த்து வாங்குங்கள். பின் விளக்கை மூட்டைக்கும் சட்டைக்கும் மறையாத இடத்தில் மாட்டுங்கள். முன் விளக்கைச் சற்றுக் கீழ்நோக்கித் திருப்புங்கள். எதிரே வருகிறவனும் நம்மைப் போல ஒரு தொழிலாளிதான், அவன் கண்ணைக் கூசவைக்கக் கூடாது.

டென்மார்க்கில் ஓடன்சே நகரில் 2004-05இல் 3,845 சைக்கிளோட்டிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பகலிலும் இரவிலும் அணையாத விளக்கைப் பொருத்தியவர்களுக்குக் காயம் ஏற்படுத்தும் விபத்து, மற்றவர்களைவிட 19 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒரு சின்ன விளக்கு செய்யும் வேலை இது.

"வேலைக்கு வருவதும் போவதும் உன் பாடு" என்று நிர்வாகம் சொல்லலாம். ரயில் ஓடாத நேரத்தில் வேலையை வைத்தது யார்? தொழிலாளியா? ஆலைக்குள் தலைக்கவசமும் கையுறையும் கொடுக்கும் நிர்வாகம், வாசலைத் தாண்டியதும் அவன் உயிர் தனக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்வது நியாயமா?

இரவு ஷிப்டில் சைக்கிளில் வரும் ஒவ்வொருவருக்கும் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும்; விடுதியிலோ வாசல் காவலறையிலோ சார்ஜ் ஏற்ற இடம் வேண்டும். இதைக் கேட்பது பிச்சையல்ல. கேட்டுப் பெறும்வரை நாமும் சும்மா இருக்க வேண்டாம். புறப்படுமுன் ஒருவர் விளக்கை மற்றொருவர் பார்ப்போம். நம் பின்னே எரியும் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியாது. தோழன் கண்ணுக்குத்தான் தெரியும். ஒற்றுமை என்று நாம் மேடையில் பேசுவதும் இதைத்தானே!