கோல்கீப்பருக்கு மார்க் போடுவது எப்படி?

நம் வயதுக்காரர்களுக்கு ஒலிம்பிக் ஹாக்கி என்றால் வானொலியும் மறுநாள் செய்தித்தாளும்தான். இப்போது ஆட்டம் முடிந்த கையோடு எத்தனை ஷாட், எத்தனை தடுப்பு, எத்தனை சதவீதம் என்று செல்போனில் பட்டியலே வந்துவிடுகிறது. அதை வைத்து நல்ல கோல்கீப்பர் யார் என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். கோல் போடுகிறவருக்கு அந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். தடுக்கிறவருக்குப் பொருந்தாது என்பது என் கட்சி.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா 38 கோல் போட்டது; ஒன்றுகூட வாங்கவில்லை. ஆப்கானிஸ்தானை 14-0, அமெரிக்காவை 16-0 என்று வென்றோம். அந்த ஆட்டங்களில் நம் கோல்கீப்பருக்கு என்ன பெரிய வேலை இருந்திருக்கும்? இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானை வென்றது 1-0. அங்கே சங்கர் லட்சுமண் காத்த பூஜ்யமும் முன்னதில் வந்த பூஜ்யமும் பட்டியலில் ஒன்றுதான்.

இன்னொரு பக்கம் டோக்கியோவைப் பாருங்கள். 2021-இல் நடந்த அந்த ஒலிம்பிக்கில் ஸ்ரீஜேஷ் இருந்தும் ஆஸ்திரேலியாவிடம் 7-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் ஜெர்மனி நான்கு கோல் போட்டது. ஆனால் 5-4 என்று நாம் முன்னிலையில் இருக்க, ஆறே விநாடி பாக்கி இருந்தபோது வந்த பெனால்டி கார்னரை அவர் தடுத்தார். 41 ஆண்டுக்குப் பிறகு பதக்கம் வந்தது. பட்டியலில் அதுவும் ஒரு தடுப்பு. ஓரத்திலிருந்து உருண்டு வந்த பந்தைத் தட்டிவிட்டதும் ஒரு தடுப்பு.

கனடா போன்ற நாடுகளில் ஐஸ் ஹாக்கிக்காரர்கள் இதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். ஷாட் வந்த தூரம், கோணம் இவற்றுக்கு ஏற்ப எடை போடுகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனாலும் கோல்கீப்பர் கண்ணை ஒருவர் மறைத்து நின்றாரா என்பது தூரக் கணக்கில் வராது. அவர் குரல் கொடுத்து டிஃபெண்டரைச் சரியான இடத்தில் நிறுத்தியதால் அடிக்கப்படாமலே போன ஷாட்டும் வராது.

நம் மலையில் பரண் மேல் காவல் இருப்பவரை நினைத்துப் பாருங்கள். விரட்டிய பன்றியை எண்ணலாம். அவர் சத்தம் கேட்டு வராமலே போனதை யார் எண்ணுவது?

இது வெறும் பேச்சுக்கான விஷயம் இல்லை. பள்ளி, மாவட்டத் தேர்வுகளில் "எத்தனை கோல் வாங்கினான்?" என்பதே முதல் கேள்வியானால், பலவீனமான அணியில் நிற்கும் பிள்ளைக்கு வாய்ப்பே இல்லை. மலையிறங்கிப் போய் ஆடும் அணி பத்து கோல் வாங்கலாம். அங்கே இருபதைத் தடுத்த பெண்ணை விட்டுவிட்டு, பந்தே வராத கோலில் நின்றவளை எடுத்தால் நஷ்டம் யாருக்கு?

தேர்வாளர்கள் எண்களைத் தூக்கி எறிய வேண்டாம். கோலுக்குப் பின்னால் ஒரு முழு ஆட்டம் நின்று பார்க்கட்டும். ஷாட் எங்கிருந்து வந்தது, தடுத்த பந்து எந்தப் பக்கம் போனது, கோல் வாங்கிய அடுத்த நிமிடம் பிள்ளை எப்படி நின்றது என்று குறித்துக்கொள்ளட்டும். அதன் பிறகு பட்டியலைத் திறந்தால் போதும்.