பழைய கம்ப்யூட்டருக்குப் புது மெமரி போடலாமா?



1970-களில் வந்த மினி கம்ப்யூட்டர்களை வெளிநாட்டில் சில ஆர்வலர்கள் தேடிப் பிடித்து, தூசு தட்டி, மெமரியைக் கூட்டி, அந்தக் காலத்து யூனிக்ஸை அதில் ஓட்டுகிறார்கள். "மினி" என்றதும் கைக்குள் அடங்கும்னு நினைச்சுடாதீங்க. பீரோ அளவு இருக்கும்! அறை முழுக்க அடைத்த கம்ப்யூட்டரைப் பார்த்தவர்களுக்கு அது மினி, அவ்வளவுதான்.

இந்த வேலை தேவையா? ரெண்டு கட்சி இருக்கு. "பழைய பொருளைத் தொடாதே, கண்ணாடிப் பெட்டியில் வை" என்பது ஒரு கட்சி. "சிமுலேட்டரில் ஓட்டினால் போதுமே, எதுக்கு வெட்டி வேலை?" என்பது இன்னொரு கட்சி. நான் ரெண்டிலும் இல்லை. மெமரி போடணும் என்பதுதான் என் கருத்து. ஆனா ஒரு நிபந்தனை உண்டு, கடைசியில் சொல்றேன்.

முதல் கட்சிக்கு என் பதில்: யூனிக்ஸ் வளர்ந்ததே மெமரி கூடக் கூடத்தான். 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் அதைத் தொடங்கியபோது இருந்தது பி.டி.பி-7 என்ற மெஷின். அதில் 18 பிட் கொண்ட 8 கே வேர்டுகள்தான் மெமரி. 1970-இல் பி.டி.பி-11 வாங்கினார்கள். மெஷின் வந்துவிட்டது, டிஸ்க் டிசம்பர் வரை வரவில்லை! அதுவரை சதுரங்கக் குதிரை 6-க்கு 8 கட்டப் பலகையில் எத்தனை விதமாகச் சுற்றி வரலாம் என்று மூன்று மாதம் கணக்குப் போட்டுக்கொண்டு மூலையில் கிடந்தது. அதன் மெமரி 24 கிலோபைட். அதில் 16 யூனிக்ஸுக்கு, மீதி 8 மட்டுமே நாம் எழுதுகிற புரோகிராமுக்கு. 1974-இல் அவர்கள் எழுதிய கட்டுரையில் வரும் பி.டி.பி-11/45-இல் 144 கிலோபைட். ஐந்து வருஷத்தில் எவ்வளவு மாற்றம் பாருங்க. அவங்களே கூட்டினதை நாம கூட்டினா மட்டும் பழமை கெட்டுடுமா?

இன்னொன்றும் சொல்லணும். மெமரியைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறோமே, அதுவும் இங்கே நடக்காது. பி.டி.பி-11/40-இல் 256 கிலோபைட் வரை முகவரி உண்டு. கடைசி 8 கிலோபைட் டிஸ்க், டெர்மினல் போன்றவற்றுக்குப் போய்விடும். மீதி 248. ஆனால் ஒரு புரோகிராமின் முகவரி 16 பிட்தான், அதனால் 64 கிலோபைட்டைத் தாண்ட முடியாது. வகுப்பில் பெஞ்சுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், பெஞ்சின் நீளத்தைக் கூட்ட முடியாது. நிறைய பேர் ஒரே நேரத்தில் உட்காரலாம், அதுதான் லாபம். இடம் இல்லாதபோது ஒரு புரோகிராமை அப்படியே டிஸ்குக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றைக் கூப்பிடுகிற அலைச்சல் குறையும்.

இப்போ சிமுலேட்டர் கட்சி. 2002-இல் பழைய யூனிக்ஸ் மூலநிரலுக்கு இலவச அனுமதி கிடைத்தது. நானும் ஆறாம் பதிப்பை (1975-இல் வந்தது) சிமுலேட்டரில்தான் ஓட்டினேன், நிஜ மெஷினைக் கண்ணால் பார்த்ததில்லை. அதில் மெமரியைக் கூட்ட ஒரு வரி டைப் செய்தால் போதும். அதுதான் குறை! நிஜ மெஷினில் ஒவ்வொரு மெமரி போர்டும் எந்த முகவரியில் தொடங்குகிறது என்று போர்டிலேயே ஸ்விட்ச் வைத்துச் சொல்லணும். தப்பாக வைத்தால் நடுவில் ஓட்டை விழும். யூனிக்ஸ் கிளம்பும்போது 64 பைட், 64 பைட்டாகத் தொட்டுப் பார்த்து எண்ணிக்கொண்டே போகும். எங்கே பதில் வரவில்லையோ அங்கேயே நிறுத்திவிடும். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 17-ஆம் நம்பர் "உள்ளேன் ஐயா" சொல்லலைன்னா, 18-லிருந்து யாருமே வரலைன்னு ரெஜிஸ்டரை மூடுகிற மாதிரி! காசு கொடுத்து வாங்கின போர்டு சும்மா கிடக்கும். மெமரி என்றால் முகவரி என்பதை இதைவிட நல்லா எந்தப் பாடமும் சொல்லாது.

இப்போ என் நிபந்தனை. அந்தக் கால மெமரி பல மெஷின்களில் காந்த மெமரி. கடுகு போன்ற ஃபெரைட் வளையங்களில் கம்பி கோத்தது. கரண்டு போனாலும் அதில் இருப்பது அழியாது. கடைசியாக நிறுத்திய அன்றைக்கு இருந்தது, 40 வருஷம் கழித்தும் அப்படியே இருக்க வாய்ப்பு உண்டு. அது யாரோ எழுதின, வேறெங்கும் பிரதி இல்லாத புரோகிராமாகவும் இருக்கலாம். ஆனால் நான் மேலே சொன்ன அந்த எண்ணுகிற வேலை இருக்கே, ஆறாம் பதிப்பு வெறுமனே எண்ணாது. எண்ணுகிற ஒவ்வொரு 64 பைட்டையும் பூஜ்யமாக்கிக்கொண்டே போகும். யூனிக்ஸை ஒரே ஒரு தடவை கிளப்பினாலே பழசு எல்லாம் போச்சு.

அதனால, புது போர்டு போடுறவங்க முதலில் பழைய காந்த மெமரியைக் கழற்றணும். எந்த மெஷின், எந்த இடம், ஸ்விட்ச் எப்படி இருந்தது என்று சீட்டு எழுதி ஒட்டணும். உள்ளே இருப்பதைப் படித்துப் பிரதி எடுக்கத் தெரிந்தவர் வரும்வரை அதுக்குக் கரண்டே காட்டக் கூடாது. அதுக்கப்புறம் புது மெமரியில் யூனிக்ஸை எத்தனை தடவை வேணாலும் ஓட்டட்டும்.

- 11-ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு