நிற்கும் லாரிக்கு யார் கூலி தருவது?

2025-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தயாராகும் லாரிகளில், மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட எல்லாவற்றிலும், ஓட்டுநர் கேபினுக்கு ஏசி இருந்தே தீர வேண்டும் என்பது சட்டம். 2023 டிசம்பரில் மத்திய அரசு இதற்கான அறிவிக்கையை வெளியிட்டபோது பலரும் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஏசி இல்லாத காரை இன்று யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் என்ஜின் பக்கத்திலேயே பத்து மணி நேரம் உட்காருகிறவனுக்கு மட்டும் அது ஆடம்பரம் என்று எத்தனை காலம் சொல்லிக்கொண்டிருந்தோம்!

ஆனால் இந்த ஏசி என்ஜின் ஓடினால்தான் ஓடும். என்ஜினை அணைத்தால் அதுவும் அணையும். ஓட்டுநரின் துன்பத்தில் பாதிக்குமேல் வண்டி நிற்கும்போதுதான் என்பது, தலைநகரில் வாழும் நாம் சற்றுக் கண்ணைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர் பக்கம் போயிருக்கிறீர்களா? டி.என். 28, டி.என். 34, டி.என். 52 என்று நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி வண்டிகள் அங்கே வரிசையாக நிற்கும். காரி பாவ்லியில் விற்கும் ஈரோட்டு மஞ்சளும், நவராத்திரி விரதத்துக்கு வடநாட்டார் உண்ணும் சேலத்து ஜவ்வரிசியும், திருப்பூர் பனியனும் இப்படி லாரி ஏறி வந்தவைதாம். தில்லியில் பகல் நேரத்தில் கனரக சரக்கு வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ராத்திரிதான் உள்ளே வரலாம். ஆகவே ஓட்டுநர் தூங்க வேண்டியது பகலில். ஜூன் மாதத்துப் பகலில், தகரக் கூரையின் கீழ், சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகையில். சரக்கை இறக்கிய பிறகும் விடுதலை இல்லை. திரும்புகாலுக்கு லோடு கிடைக்கும்வரை ஒரு நாளோ, மூன்று நாளோ, அதே பலகைதான்.

வேறெங்காவது போய்ப் படுக்கலாமே என்று கேட்பவர் உண்டு. நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்குகளில் ஓட்டுநர்களுக்காகப் படுக்கை வசதியுள்ள ஓய்வில்லங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டியை யார் காப்பது? டீசல் திருடு போகும், தார்ப்பாய் திருடு போகும், பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போவார்கள். முன்பெல்லாம் கிளீனர் ஒருவன் இருப்பான். இன்று பல வண்டிகளில் கிளீனர் இல்லை. தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் வேண்டும் என்ற விதியும் 2018-இல் தளர்ந்துவிட்டது. ஓட்டுநர் கேபினில் படுப்பது ஓய்வு மட்டுமல்ல, காவல். அந்தக் காவலுக்குக் கூலி கிடையாது.

கூலி என்றதும் கணக்கைப் பார்த்துவிடலாம். நாமக்கல்லிலிருந்து தில்லிக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய வண்டி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால் 600 லிட்டர் டீசல். லிட்டர் தொண்ணூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் ஒருவழிக்கே 54,000 ரூபாய். அதற்குமேல் சுங்கம், டயர் தேய்மானம், இன்சூரன்ஸ், மாதத் தவணை, புரோக்கர் கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, வழியில் ரசீது இல்லாமல் கொடுக்கிற காசு. (அந்தக் கடைசி இனத்தை எந்தக் கணக்குப்பிள்ளை எந்தத் தலைப்பில் எழுதுகிறார் என்று எனக்கு வெகுநாளாக ஆவல்!) இவ்வளவும் போக மிஞ்சுவதில்தான் உரிமையாளரின் லாபமும், ஓட்டுநரின் படியும். டீசலையும் சுங்கத்தையும் உரிமையாளர் குறைக்க முடியாது. குறைக்க முடிவது படியைத்தான்.

அத்தோடு மைலேஜ் கணக்கு என்று ஒன்று உண்டு. இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்று பல உரிமையாளர்கள் வரையறுத்து விடுகிறார்கள். மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு. கூடுதலாகச் செலவானால் அவர் கணக்கில் பிடித்தம். இப்போது புது லாரி ஏசியை யோசியுங்கள். வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு ஏசி போட்டுத் தூங்கினால் மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் எரியும். எட்டு மணித் தூக்கத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. அந்த ஆயிரம் மைலேஜ் கணக்கில் ஓட்டுநர் தலையில்தான் விழும். எந்த ஓட்டுநர் அந்தப் பொத்தானை அழுத்துவார்? சட்டம் கொடுத்த குளிர்ச்சியைக் கணக்குப் புத்தகம் பிடுங்கிக்கொள்கிறது.

பேட்டரியில் ஓட்டலாமே என்றால் அதற்கும் வரம்பு உண்டு. பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். 150 ஆம்பியர்-மணி பேட்டரிகள் என்றால் மொத்தம் 3.6 யூனிட். அதில் பாதிக்குமேல் இறக்கினால் விடியற்காலையில் செல்ஃப் எடுக்காது. வண்டியைத் தள்ள ஆள் தேட வேண்டியதுதான். சின்ன மின்விசிறி பிரச்சினையில்லை, எட்டு மணி நேரத்துக்குக் கால் யூனிட்கூட ஆகாது. ஆனால் ஜூன் மாதத்தில் விசிறி அள்ளி வீசுவது அனலைத்தான். நிற்கும்போது ஓடுவதற்கென்றே செய்த 24 வோல்ட் ஏசி மணிக்கு அரை யூனிட்டுக்குமேல் இழுக்கும். மூன்று மணி நேரத்தில் கதை முடிந்தது.

வழி இல்லாமல் இல்லை. வண்டியைக் கிளப்பும் பேட்டரியைத் தொடாமல், படுக்கைக்கென்று தனியாக ஐந்து, ஆறு யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்று. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து அது சார்ஜ் ஆகும். அதை நிரப்ப மூன்று லிட்டர் டீசல் செலவாகலாம். என்ஜினை ஓடவிட்டால் ஆகும் பன்னிரண்டு, பதினாறு லிட்டரோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சீனாவில் நெடுந்தூர லாரிகளில் இத்தகைய ஏசி சாதாரணமாகிவிட்டது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், ஐந்து நிமிடத்துக்குமேல் கனரக லாரி சும்மா நின்று என்ஜினை ஓட்டக்கூடாது என்று சட்டமே போட்டிருக்கிறது. அங்கே படுக்கைக்குத் தனி மின்சாரம் என்பது பேச்சுக்கிடமில்லாத தேவை.

குளிர்காலத்தையும் மறக்கக்கூடாது. நம் ஊர்க்காரனுக்குத் தில்லியின் ஜனவரி புதிது. மூடிய அறையிலும் வண்டிக்குள்ளும் கரி அடுப்பை வைத்துத் தூங்கி, புகையின் நஞ்சில் மாண்டவர்கள் செய்தியைக் குளிர்காலந்தோறும் படிக்கிறோம். அந்த உயிருக்கு ஈடாகப் படுக்கையில் விரிக்கும் ஒரு மின்சாரக் கம்பளியும், அதற்குச் சிறிது மின்சாரமும் போதும்.

செலவை யார் ஏற்பது என்பதுதான் கேள்வி. ஒரே ஒரு லாரி வைத்துத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் உரிமையாளர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை. அவரே பல நேரம் ஓட்டுநராக இருந்து கடன் வாங்கி முதலாளி ஆனவர். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி, நெடுந்தூரத்துக்குப் பத்து மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. ஆனால் ஐந்து தொழிலாளருக்குக் குறைந்த நிறுவனங்களை அது தொடவில்லை. ஒன்றிரண்டு லாரிக்காரர்கள் அதற்கு வெளியேதான் நின்றார்கள். ஆகவே சட்டத்தை நம்பிப் பயனில்லை. வாடகை பேசும் இடத்திலேயே இது ஏற வேண்டும். டீசலும் சுங்கமும் வாடகையில் சேர்வதுபோல, நிற்கும் மணி நேரமும் சேர வேண்டும். சரக்குக்கு உரியவர் இறக்க ஆள் இல்லை என்று இரண்டு நாள் நிறுத்திவைத்தால் அந்த இரண்டு நாளுக்கு வாடகை உண்டு, ஓட்டுநருக்குப் படியும் உண்டு என்று பில்லிலேயே எழுதட்டும். இன்று காத்திருப்புக்கூலி கேட்டால், "அடுத்த லோடு வேண்டாமா?" என்பதுதான் பதில்.

நம்மில் தெற்கிலிருந்து சரக்கு வரவழைக்கும் வணிகர்கள் பலர் உண்டு. அவர்கள் அரசாங்கத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கிடங்கு வாசலில் 15 ஆம்பியர் பிளக் பாயிண்ட் ஒன்று, பேட்டரிக்கு ஒரு சார்ஜர், ஒரு குளியலறை, இரவில் வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு வாட்ச்மேன். ஒரு சீசனுக்கு ஆகும் மின்கட்டணம், இறக்காமல் வெயிலில் கிடந்து அழுகும் ஒரு லோடு வாழைக்காய்க்கு ஈடாகாது.