கொக்கு மார்க்

எங்கள் சிவகாசியில் மிருகங்களுக்குப் பஞ்சமே கிடையாது. சேவல், அணில், மயில், சிங்கம்... எல்லாம் தீப்பெட்டி மேலும் வெடிப் பெட்டி மேலும்தான்! எழுத்துக்கூட்டத் தெரியாதவர்கூட ‘சேவல் மார்க் குடுங்க’ என்று கேட்டு வாங்கிவிடலாம், சார்.

அப்பா ஒரு லித்தோ அச்சகத்தில் லேபிள் ஆர்ட்டிஸ்ட். நாற்பது வருஷம் வரைந்தார். சிங்கத்தை நேரில் பார்த்ததே இல்லை. “பார்த்திருந்தா கை நடுங்கியிருக்கும், வரைய வந்திருக்காது” என்பார். அச்சகத்துக்குள் கம்ப்யூட்டர் நுழைந்தது, அப்பா வெளியே வந்தார்.

போன வாரம் நண்பர் ஒருத்தர், “அண்ணாச்சி, வெம்பக்கோட்டையில காளை கிடைச்சிருக்கே, தெரியுமா?” என்றார்.

“யாரோடதுய்யா? கயித்தை அறுத்துக்கிட்டு வந்திருச்சா?”

தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022-ல் தோண்ட ஆரம்பித்தார்கள் அல்லவா? அங்கே 2024-ல் கிடைத்த சூதுபவள மணியில் திமிலோடு ஒரு காளை பொறித்திருக்கிறதாம். அதோடு விட்டாரா? செல்போனில் பெரு நாட்டுக்கே கூட்டிப் போய்விட்டார். கொலம்பஸ் 1492-ல் அமெரிக்காவில் இறங்குவதற்குப் பல நூறு வருஷம் முந்தியே நாஸ்கா ஜனங்கள் வண்ண வண்ணக் களிமண் குழம்பால் பானையில் தேன்சிட்டும் திமிங்கிலமும் தீட்டி, அப்புறம் சூளையில் வைத்திருக்கிறார்கள். சாயம் இன்னும் பளிச்சென்று இருக்கிறது. நம் வீட்டுச் சுவர் இரண்டு தீபாவளி தாங்குமா?

எனக்குப் பிடித்தது அடுத்த படம்தான். ஆதிச்சநல்லூர்! நம்ம தாமிரபரணிக் கரை. 2004-ல் தொடங்கிய அகழாய்வில் முதுமக்கள் தாழிகளோடு கிடைத்த ஒரு பானை ஓடு. அதில் ஒரு பெண், ஒரு மான், ஒரு முதலை, மரத்தில் ஒரு கொக்கு. கொக்கின் அலகில் மீன்! வர்ணம் எதுவும் இல்லை. ஈரக் களிமண்ணைத் திரித்து ஒட்டிச் சுட்டிருக்கிறார்கள். சிங்கம் கிங்கம் என்று அலட்டல் இல்லை பாருங்கள். ஆற்றங்கரையில் என்ன நடமாடியதோ, அது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, லேபிள் புரூஃப் பார்ப்பது போல் வெகு நேரம் பார்த்தார்.

“கெட்டிக்காரப் பய. வாயில மீனை வச்சான் பாரு, அதாம்லே மார்க்கு! இது எவ்வளவு பழசு?”

“ரெண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்துக்குக் குறையாதுப்பா.”

“எங்கே இருந்துச்சு?”

“மண்ணுக்குள்ள.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. “மண்ணுக்குள்ள வச்சான், நின்னுச்சு. நான் வெடியிலல்லா ஒட்டினேன்...”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவர் வரைந்ததில் ஒரு லேபிள்கூட எங்கள் வீட்டில் இல்லை. பரணில் தேடினேன். பழைய மின்சார பில்தான் கிடைத்தது. (அதை மட்டும் எப்படித்தான் பத்திரமாக வைக்கிறோமோ!)

சாயங்காலம் பேத்தியின் கணக்கு நோட்டில், கடைசிப் பக்கத்தில் ஒரு சேவல் நின்றது. கொண்டை, வால், கால் நகம் உள்பட அச்சு அசல்.

“என்னப்பா, அலகுல மீனைக் காணோம்?”

“போலே... சேவல் எங்கேயாவது மீன் பிடிக்குமா?” என்றபடி பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.