பத்து வருஷ பேட்டரியும் இரண்டரை மணி நேர அலையும்

"பத்து வருஷத்துக்கு பேட்டரி மாற்றவே வேண்டாம்!" சின்ன வயர்லெஸ் கருவிகளுக்கு வரும் விளம்பரம் எதை எடுத்தாலும் இந்தப் பல்லவிதான். தண்ணீர் மீட்டர், ஏரியில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், மாட்டின் கழுத்தில் கட்டும் டிராக்கர், எல்லாவற்றுக்கும் இதே பாட்டு. அந்தப் பத்து வருஷம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள்தான் குறைவு. கேட்டே ஆகவேண்டிய ஊர்கள் சில உண்டு. கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரம், கொக்கிலமேடு, சதுரங்கப்பட்டினம் என்று நீளும் செங்கல்பட்டு மாவட்டத்துக் கடற்கரைக் குப்பங்கள் அவற்றில் சேர்த்தி.

இந்தப் பத்து வருஷம் கடைக்காரர் விட்ட புருடா இல்லை. செல்போன் தொழில்நுட்பத்துக்கு விதி எழுதும் 3ஜிபிபி என்ற அமைப்பு, 2016-ல் வந்த என்பி-ஐஓடி முறைக்கு வைத்த இலக்கே அதுதான். 5 வாட்-ஹவர் பேட்டரியில் பத்து ஆண்டு ஓட வேண்டும். 5 வாட்-ஹவர் என்பது பழைய நோக்கியா போன் பேட்டரியைவிடச் சற்றே பெரியது, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு பத்து வருஷம் எப்படி?

தூங்கித்தான். சாதாரண போன் சும்மா கிடக்கும்போது ஒன்றரை நொடிக்குள் ஒரு தரம் கண் விழித்து, "டவர் கூப்பிட்டதா?" என்று பார்த்துக்கொள்ளும். என்பி-ஐஓடி கருவி இந்த இடைவெளியை 2 மணி 54 நிமிடம் வரை நீட்டிக்கொள்ளலாம். 2022-ல் ரிலீஸ் 17-ல் வந்த ரெட்கேப் என்ற எளிய 5ஜி கருவிகளுக்கும் இதே உச்சவரம்புதான்.

இப்போது இன்னொரு கணக்கு. 2004 டிசம்பர் 26, இந்திய நேரப்படி காலை 6.29-க்கு சுமத்ராவில் பூமி அதிர்ந்தது. ஏறக்குறைய 9 மணிக்கு அலை இந்தக் கரையில். நடுவில் கிடைத்தது இரண்டரை மணி நேரம். உச்சவரம்பு வரை தூங்கும் கருவி ஒன்று அன்றைக்கு அங்கே இருந்திருந்தால், அது கண் விழிப்பதற்குள் கடல் ஊருக்குள் வந்து போயிருக்கக்கூடும்!

"உச்சவரம்பு வரை யார் சார் வைக்கிறார்கள்?" என்று எதிர்க்கேள்வி வரும். கருவி ஓர் இடைவெளியைக் கேட்கிறது, நெட்வொர்க் ஒப்புக்கொள்கிறது. வாங்கியவர் கண்ணில் அந்த எண் படுவதே இல்லை. போதாக்குறைக்கு, என்பி-ஐஓடி வந்தபோது எளிமைக்காகக் கழற்றிவிட்ட வசதிகளின் பட்டியலில் பொதுமக்களுக்கான பேரிடர் எச்சரிக்கையும் இருந்தது. தண்ணீர் மீட்டருக்கு சுனாமிச் செய்தி எதற்கு, நியாயம்தான். ஆனால் அதே முறையில் செய்த கருவியைப் படகுக்காரரிடம் விற்கும்போது இதை யார் சொல்லப்போகிறார்கள்?

அப்படியானால் கருவி தூங்கவே கூடாதா? தூங்கட்டும். பேட்டரியை வீணாக்குவது சும்மா சும்மா எழுப்புவதுதான். கல்யாண மண்டபத்தில் மைக்கில் ஒரு கார் நம்பரைச் சொல்லி வண்டியை நகர்த்தச் சொன்னால் என்ன ஆகிறது? கார் வைத்திருக்கும் அத்தனை பேரும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டுகிறார்கள். எழுந்து போவது ஒருவர். மற்றவர்களுக்கு சாம்பார் ஆறியதுதான் மிச்சம் :-) டவரும் இதைத்தான் செய்கிறது. ஒரே நேரத்தில் விழிக்கும் பல கருவிகளில் ஒன்றைக் கூப்பிட்டாலும், மற்றவையும் ரிசீவரைப் போட்டு, செய்தியைப் பிரித்து, "நம் பெயர் இல்லை" என்று தெரிந்த பிறகே படுக்கின்றன.

மருந்து எப்போதோ வந்துவிட்டது. 2018-ல் ரிலீஸ் 15, கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சின்ன எழுப்பு சிக்னலைத் தந்தது. அது வரவில்லையா, கருவி செய்தியைப் பிரிக்காமலே தூங்கலாம். ரிலீஸ் 17-ல் ஒன்றாக விழிக்கும் கருவிகளை எட்டு உட்குழுக்கள் வரை பிரிக்க வழி வந்தது. "வெள்ளைக் கார் வைத்திருப்பவர்கள் மட்டும் கேளுங்கள்" என்பதுபோல. 5ஜி-யில் சுனாமி, புயல் எச்சரிக்கைக்கென்று ஒரு பிட்டும், டவரின் செட்டிங் மாறியதைச் சொல்ல வேறொரு பிட்டும் உண்டு. அதாவது அவசரத்தையும் அற்பத்தையும் பிரித்துச் சொல்லும் மொழி நெட்வொர்க்கிடம் இருக்கிறது. அதைப் பேச வைப்பது சேவை நிறுவனங்களும் மொத்தமாகக் கருவி வாங்கும் அரசுத் துறைகளும் செய்யவேண்டிய வேலை. மதுராந்தகம் ஏரி சென்சாரையும் கொக்கிலமேட்டுப் படகுக் கருவியையும் ஒரே குழுவில் போட்டுவிட்டு, ஒரே தூக்க நேரம் கொடுப்பது சோம்பேறித்தனம்.

"பெரிய பேட்டரி போடு, சோலார் மாட்டு" என்பது அடுத்த வாதம். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின் உள்ள ஃபைபர் படகில் சார்ஜ் போட இடம் ஏது? 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரம் அருகேதான். எச்சரிக்கை அதிகம் தேவைப்படும் நாட்கள்தான் வெயில் தலைகாட்டாத நாட்கள்.

"எல்லாரையும் எப்போதும் எழுப்பு, அதுதான் பாதுகாப்பு" என்பவர்களும் உண்டு. 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டுப் போன்களெல்லாம் ஒரே சமயத்தில் அலறியது நினைவிருக்கும். அந்த செல் பிராட்காஸ்ட் நல்ல முறை, உயிர் போகிற விஷயத்துக்கு. அற்ப விஷயத்துக்கெல்லாம் எழுப்பிக்கொண்டிருந்தால், உண்மையான அலறல் வரும் நாளில் கருவியின் பேட்டரி காலியாக இருக்கும். மனிதரோ எரிச்சலில் சத்தத்தை அணைத்திருப்பார்.

டவர் எட்டுவது கடலுக்குள் 10, 12 கிலோமீட்டர் வரைதான். அதற்கு அப்பால் செயற்கைக்கோள். 2017-ல் ஒக்கி புயல் அடித்த அடிக்குப் பிறகு, 2019-ல் ஜெமினி என்ற கருவி வந்தது. அது செயற்கைக்கோள் செய்தியை வாங்கி புளூடூத்தில் போனுக்குத் தரும். போன் செத்தால் செய்தியும் அங்கேயே நின்றது. 2024-ல் ஒரு லட்சம் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. கோடிகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு பேட்டரியைப் பற்றியும், யாரை எப்போது எழுப்புவது என்பதைப் பற்றியும் பேச வேண்டாமா?

உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடற்கரையில் விற்கும் ஒவ்வொரு கருவியின் பெட்டியிலும், பேட்டரி எத்தனை ஆண்டு என்பதற்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இன்னொரு எண்ணையும் அச்சிடச் சொல்லலாம்: எச்சரிக்கை வந்தால் அதிகபட்சம் எத்தனை நிமிடத்தில் இது கண் விழிக்கும்? அந்த எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.