சம்மதம் யாருடையது?

பதினொரு மாதக் குழந்தையாக இருந்தபோதே, 1966ஆம் ஆண்டில், ஐவரி ஸ்நோ என்னும் சலவைத் தூளின் விளம்பரத்துக்காகக் காமிராவின் முன் அமர்த்தப்பட்ட நியூயார்க் நகரத்து நடிகை புரூக் ஷீல்ட்ஸுக்குப் பேச்சு வருவதற்கு முன்பே சம்பாத்தியம் வந்துவிட்டது என்று சொன்னால் மிகையாகாது. மகளின் தொழிலை நிர்வகித்தவர் தாயார் டெரி. பெருத்த கண்டனத்துக்கு ஆளான 'பிரிட்டி பேபி' என்ற படம் 1978இலும், வசூலைக் குவித்த 'தி ப்ளூ லகூன்' 1980இலும் வெளிவர, கால்வின் க்ளைன் ஜீன்ஸ் விளம்பரமும் சேர்ந்து, பதினைந்து வயதுக்குள் அவரை உலகப் பிரசித்தி பெற்றவராக்கிவிட்டன.

இந்தக் கீர்த்தியின் விலை என்ன என்பது நியாயஸ்தலத்தில்தான் தெரிந்தது. தமது பத்து வயதில் ஒரு புகைப்படக்காரர் எடுத்த ஆட்சேபகரமான படங்களை இனி யாரும் பிரசுரிக்கலாகாது என்று பின்னாளில் ஷீல்ட்ஸ் வழக்குத் தொடுத்தார். ஆனால் 450 டாலர் ஊதியத்துக்கு உடன்பட்டுத் தாயார் அன்று இட்ட கையெழுத்து மகளையும் கட்டுப்படுத்தும் என்று நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் 1983இல் தீர்ப்பளித்துவிட்டனர்.

தோற்றத்தின் மீதான உரிமையைச் சட்டம் மறுத்தபோது, தமக்கென்று வேறு சொத்துகளை அவர் தேடிக்கொண்டார். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பிரெஞ்சு இலக்கியம் பயின்று 1987இல் பட்டம் பெற்றார். பின்னர் 1996இல் 'ஃப்ரண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் ஓர் அத்தியாயத்தில், நடிகனை அவன் ஏற்ற பாத்திரமாகவே நம்பிப் பின்தொடரும் சித்தம் பேதலித்த ரசிகையாக வந்து, தலையைப் பின்னே சாய்த்து வெடித்துச் சிரித்த அந்தக் காட்சியில், சௌந்தர்ய விக்கிரகமாகவே அதுவரை கண்ட முகத்துக்குள் அசலான ஹாஸ்ய நடிகை ஒருத்தி இருந்ததை ஜனங்கள் கண்டுகொண்டார்கள். அவ்வாண்டே தொடங்கிய 'சடன்லி சூசன்' தொடரின் கதாநாயகியாக 2000 வரை நடித்தார். மேடைக் கலைஞர்களின் தொழிற்சங்கமாகிய ஆக்டர்ஸ் ஈக்விட்டி 2024இல் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

குழந்தை நடிகர்களுக்குச் சட்டம் காவல் தந்ததும் உண்டு. சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைப் தாயாரும் மாற்றாந்தந்தையும் செலவழித்துத் தீர்த்ததன் விளைவாக, குழந்தை நடிகரின் பணத்தில் ஒரு பங்கைக் காக்கக் கலிபோர்னியா மாகாணம் 1939லேயே சட்டம் இயற்றிற்று. காசுக்கு அளித்த அந்தக் காவலை நியூயார்க் நீதிமன்றம் ஒரு குழந்தையின் உருவத்துக்கு அளிக்க முன்வரவில்லை. ஷீல்ட்ஸின் தாயார் ஒருவரைக் குறை கூறி நாம் திருப்தியடைந்துவிடலாகாது. அந்தப் படங்களை எடுத்தவரும் பிரசுரித்தவரும் பார்த்து மகிழ்ந்தவரும் பலர். பெற்றோர் தரும் சம்மதம் குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிட வேண்டும்; வயது வந்த பின் அதை நீட்டிப்பதும் ரத்துச் செய்வதும் அந்தக் குழந்தையின் உரிமையாக இருப்பதே நியாயம்.