கண்டித்தால் மட்டும் போதுமா?

உள்ளம் களிப்பை நாடுவது மனித இயல்பு. இஸ்லாம் அதனை மறுக்கவில்லை. பெருநாளன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் பாடினர். அபூபக்ர் (ரலி) அவர்கள் கடிந்தபோது, அவர்களை விட்டுவிடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே, களிப்புக் கூடுமா என்பதன்று கேள்வி. எத்தகைய களிப்பு என்பதே கேள்வி.

இருபது கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியாவைப் பாருங்கள். அங்கே பாமர மக்கள் விரும்பிக் கேட்பது ‘டங்டுட்’ என்னும் இசை. முழவின் ஒலியே அதன் பெயராயிற்று. நம் நாட்டு இந்தித் திரைப்பாடல்களின் சாயலும் அதில் உண்டு. 1970-இல் ‘சொனேத்தா’ என்னும் குழுவை அமைத்த ரோமா இராமா, அவ்விசையிலேயே சூதையும் போதையையும் கண்டித்துப் பாடினார். பயானுக்குச் செல்லாதோர் செவியிலும் அவ்வறிவுரை விழுந்தது.

2003-இல் இனுல் தாராதிஸ்தா என்னும் பாடகியின் ஆட்டம் அந்நாட்டில் பெரும் சர்ச்சையை எழுப்பிற்று. ரோமா இராமாவும் உலமாக்கள் பலரும் அதனைக் கண்டித்தனர். ஆனால் அப்பெண்ணின் புகழ் குன்றவில்லை, வளர்ந்தது. பாட்டால் மக்களை ஈர்த்தவரின் வெறும் கண்டனத்திற்கு அந்த ஆற்றல் இல்லாமற்போயிற்று.

இந்த உண்மையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து எனத் தமிழில் புதிய இலக்கிய வகைகளையே படைத்து, மார்க்கத்தை வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்தனர். 2015-இல் மறைந்த நாகூர் ஹனீபாவின் குரல், பிற சமயத்தார் இல்லங்களிலும் ஒலித்தது.

இன்றைய நிலை என்ன? ஏழாயிரம்பண்ணை போன்ற ஊர்களில், தீப்பெட்டி ஆலையிலும் பட்டாசு ஆலையிலும் பகலெல்லாம் உழைத்து வீடு திரும்பும் இளைஞன் கைப்பேசியைத் திறக்கிறான். தீயவை அழையாமலே வருகின்றன. நல்லவை தேடினாலும் அரிதாகவே கிடைக்கின்றன. “அதை மூடு” என்கிறோம். மூடியபின் எதைக் கேட்பது என்று நாம் சொல்வதில்லை.

இசைக் கருவிகளைப் பற்றி மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கருவியின்றிப் பாடும் நற்பாடலுக்கு என்ன தடை? ஜமாஅத்தார் கவிஞர்களை ஊக்குவிக்கட்டும். மக்தபுச் சிறார்க்குப் பாட்டுப் போட்டி வைக்கட்டும். செல்வர் அவற்றைப் பதிவு செய்து பரப்பட்டும். தீயதை விலக்குவது பாதிக் கடமை; அவ்விடத்தில் நல்லதை வைப்பது மறுபாதி.

அதற்கு வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக! ஆமீன்.